யெஸ்டியில் ஏற்காடு: பிளக் சொன்ன கணக்கு

பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் யெஸ்டி ரோட்கிங் பைக்குக்கு என்னைவிட இரண்டு வயது அதிகம். அதைத் தயாரித்த மைசூர் ஆலை 1996இல் மூடப்பட்டுவிட்டது, உதிரிபாகம் வேண்டுமென்றால் ஜே.சி. ரோட்டில் கிடைப்பதை வாங்கி, அரத்தால் தேய்த்துப் பொருத்திக்கொள்ள வேண்டியதுதான். பிஸ்டன் மாற்றி, ஊருக்குள் ஓட்டிப் பழக்கிய பிறகு, போன மாதம் முதல் நெடும்பயணமாக ஏற்காடு போய்வந்தேன்.

கிளம்பும் முன் பிளக்கில் பொறி விழவைக்கும் பாயிண்டின் இடைவெளியை 0.4 மில்லிமீட்டருக்கு வைத்தேன். இது டூ-ஸ்ட்ரோக் இன்ஜின், ஆயிலைப் பெட்ரோலிலேயே கலக்க வேண்டும்: லிட்டருக்கு 40 மில்லி டூ-டி ஆயில். பங்க்குகளில் கலந்து தருவது அருகிவிட்டதால், மகளின் இருமல் மருந்து மூடி இப்போது என் டூல் பையில். 10 மில்லி கோடு வரை நான்கு முறை. வீட்டில் இன்னும் அந்த மூடியைத் தேடுகிறார்கள்.

ஓசூர் வரை வண்டி தங்கம். கிருஷ்ணகிரி தாண்டியதும் சுணங்கியது. ஆக்சிலேட்டரை முறுக்கினால் இழுவைக்குப் பதில் 'கிணுகிணு' சத்தம். டீக்கடை ஓரமாக நிறுத்தி பிளக்கைக் கழற்றினேன். பெங்களூரில் செங்கல் நிறத்தில் இருந்த முனை, சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருந்தது. பெட்ரோல் குறைகிறது என்பதற்கு அடையாளம். காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்பரேட்டரை நான் சரிசெய்தது பெங்களூரின் 900 மீட்டர் உயரத்தில். கீழே இறங்க இறங்கக் காற்று அடர்த்தியாகிறது, அதற்கேற்ற பெட்ரோல் போதவில்லை. இந்த இன்ஜினில் பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். அதுதான் வயிற்றைக் கலக்கியது. நகத்துண்டு அளவுள்ள கிளிப் தெறித்து விழாமல் அடியில் துண்டை விரித்துக்கொண்டு, கார்பரேட்டர் ஊசியில் அதை ஒரு வெட்டு கீழே மாற்றினேன். ஊசி உயர்ந்தது, பெட்ரோல் கூடியது, சத்தமும் நின்றது.

தொப்பூர் இறக்கத்திலும் இதே கதைதான். ஆக்சிலேட்டரை மூடி, கியரில் இறங்குவது மற்ற வண்டிகளுக்கு நல்ல பழக்கம். இதற்கு விஷம்: இன்ஜின் வேகமாகச் சுழலும், ஆயில் மட்டும் போகாது, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அவ்வப்போது கிளட்சைப் பிடித்து ஒரு முறுக்கு கொடு என்று சிவாஜிநகர் மெக்கானிக் அண்ணன் சொல்லியிருந்தார். அப்படியே உறுமி உறுமி இறங்கினேன். பின்னால் வந்த லாரிக்காரர் என்னைப் பைத்தியம் என்றே நினைத்திருப்பார். பிரேக் டிரம்மிலிருந்து தீய்ந்த வாடை வேறு.

ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் குறையில்லாமல் ஏறியது. மேலே, சுமார் 1,500 மீட்டரில், காற்று மெலிந்து பெட்ரோல் மிஞ்சியதால் பிளக் அடுப்புக்கரி. கிளிப்பைப் பழைய வெட்டுக்கே ஏற்றினேன். மறுநாள் இறங்கும்போது அதை அடியோடு மறந்துவிட்டேன். பாதி வளைவில் அந்தக் 'கிணுகிணு' கேட்டபிறகுதான் உறைத்தது. கிளிப்பை மறுபடி கீழே மாற்றும்போது சூடான சிலிண்டரில் கைபட்டு இரண்டு விரல் கொப்பளித்தது தனிக்கணக்கு.

அதன்பிறகு ஊசியைத் தொடவில்லை. கீழ் வெட்டிலேயே இருக்கிறது. பெங்களூரில் கொஞ்சம் கறுத்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக்கொள்கிறேன். காலையில் நான் கிக்கரை உதைக்கும் முன்பே எதிர்வீட்டு அம்மா ஜன்னலைச் சாத்திவிடுகிறார்.