காணிக்கைப் பை வெஸ்ட்ரி அறைக்குப் போன பிறகு

கொடுப்பதைப் பற்றி நிறையப் பிரசங்கம் கேட்டிருக்கிறோம். கொடுத்ததை எப்படி எண்ணுவது என்று யாரும் பேசுவதில்லை. ஆனால் அப்போஸ்தலர் பவுல் அதில் கவனமாக இருந்தார். எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்ந்த பணத்தைத் தனியாகக் கையாளாமல், சபைகளே தெரிந்தெடுத்த ஒரு சகோதரரையும் உடன் வைத்துக்கொண்டார். கர்த்தர் பார்வையில் மட்டுமல்ல, மனுஷர் பார்வையிலும் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று காரணமும் எழுதினார் (2 கொரிந்தியர் 8:18-21). சென்னையில் ஞாயிறுதோறும் இரண்டு மூன்று ஆராதனை நடக்கிற சபைகளுக்கு இது மிகவும் தேவை.

எண்ணுவதற்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். இருவரும் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்கக் கூடாது. பொருளாளர் எண்ணாமல் இருப்பது நல்லது. எண்ணுகிறவர் ஒருவர், கணக்கு எழுதுகிறவர் வேறொருவர் என்றிருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. ஒவ்வொரு ஆராதனைக்கும் தனித் தாள். ஒருவர் எண்ணியதை மற்றவர் தொகை கேட்காமல் மறுபடி எண்ண வேண்டும். தொகையைச் சொல்லிவிட்டால் இரண்டாவது ஆள் அந்த எண்ணுக்கே வந்து நிற்பார். மழை மாதங்களில் ஈர நோட்டுகள் இரண்டு ஒன்றாக ஒட்டிக்கொள்ளும், விரலால் பிரித்தே எண்ணுங்கள்.

காணிக்கைக் கவர்களில்தான் அதிகத் தவறு நடக்கிறது. ஸ்தோத்திரக் காணிக்கை, மிஷனெரி காணிக்கை, கட்டட நிதி, மாதச் சந்தா என்று நோக்கம் வாரியாக முதலில் பிரியுங்கள். பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே இருந்த தொகையைக் கவரின் மேலேயே பேனாவால் எழுதுங்கள். மேலே 500 என்றிருக்கும், உள்ளே 200 இருக்கும்; சில சமயம் வெறும் கவரே வரும். அவசரத்தில் வீட்டில் ஒருவர் எழுத, மற்றவர் பணம் வைக்க மறந்திருப்பார். எண்ணுகிற இருவரும் கவரிலேயே கையெழுத்திட்டு, அன்றைக்கே அந்தக் குடும்பத்துக்குப் பக்குவமாகப் போன் செய்யுங்கள். ரசீது, கையில் வந்த தொகைக்கு மட்டுமே. காலிக் கவரைத் தூக்கிப் போடும் முன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒட்டின பசையில் நோட்டு மாட்டியிருக்கும். கவர்களை ஆடிட் முடியும்வரை கட்டி வைக்க வேண்டும்.

பத்து ரூபாய் நாணயத்தைக் கடைகளில் வாங்கத் தயங்குவதால் அவை பையில் நிறைய விழும். எல்லா வடிவமும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி தெளிவாகச் சொல்லியிருக்கிறது, தயங்காமல் வங்கியில் கட்டுங்கள்.

பையிலிருந்து நேரே எதற்கும் பணம் எடுக்கக் கூடாது. பூ, டீ, ஆட்டோ, அவசரமாகக் கேட்டு வந்த ஏழைக்கு உதவி, எதுவானாலும் சரி. நல்ல காரியத்துக்குத்தான் எடுக்கிறார்கள். ஆனால் அந்த நிமிஷமே எண்ணிய தாளும் வங்கிச் சலானும் ஒத்துப்போகாமல் போய்விடும். ஏழைகள் நிதிக்கென்று தனிக் கைப்பணம் வைத்து, வவுச்சர் போட்டுக் கொடுங்கள்.

ஞாயிறு வங்கி கிடையாது. பணப்பையைச் சீல் வைத்து, இரண்டு சாவிப் பெட்டகத்தில் வைத்து, சாவிகளை இரண்டு பேர் எடுத்துப் போக வேண்டும். யார் வீட்டுக்கும் பணம் போகக் கூடாது. திங்களன்று முழுத் தொகையும் கட்டப்பட வேண்டும். பெரிய தொகையை ரொக்கமாகக் கட்டும்போது சபையின் பான் எண் கேட்பார்கள்.

வாசலில் ஒட்டியிருக்கும் கியூஆர் தாளை வாராவாரம் நீங்களே ஸ்கேன் செய்து, சபைப் பெயர் வருகிறதா என்று பாருங்கள். மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் பணம் யாருக்கோ போய்விடும். ஆயர், செயலர் உட்பட தனிநபர் கணக்குக்குக் காணிக்கை போகவே கூடாது.

அறிவிப்புப் பலகையில் மொத்தத் தொகையை ஒட்டுங்கள், யார் எவ்வளவு கொடுத்தார் என்பதை வேண்டாம். எண்ணுகிறவர்களுக்குத் தெரிந்த தொகை அந்த அறையைவிட்டு வெளியே வரக் கூடாது. வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்கட்டும் என்ற இயேசுவின் சபையில் (மத்தேயு 6:3) கொடுத்தவரின் தொகை காப்பி குடிக்கும்போது பேச்சாகிவிட்டால், அடுத்த மாதம் அந்தக் கவர் வராது. வந்தாலும் பேர் எழுதாமல்தான் வரும், அதற்கு யாருக்கு ரசீது போடுவீர்கள்?