இடமில்லை என்று இங்கிலீஷில் சொல்வது

எங்கள் சனிக்கிழமை வாசிப்பு வட்டத்தில் பன்னிரண்டு பேர். அதற்கு மேல் போனால் பேச்சு சிதறிவிடும். நேற்று ஒரு பெண் சேரலாமா என்று அழகாக இங்கிலீஷில் கேட்டிருந்தார். "யூ கேனாட் ஜாயின் நவ்" என்று அடித்துவிட்டு, அனுப்ப மனம் வராமல் அழித்தேன். இலக்கணத்தில் பிழையில்லை. ஆனால் முகத்தில் கதவைச் சாத்துகிற மாதிரி இருந்தது.

தமிழில் "இப்போதைக்கு இடமில்லைங்க" என்றால் அந்த "ங்க" பாதி வலியை எடுத்துவிடும். இங்கிலீஷில் அந்த வேலையை வேறு சொற்கள் செய்கின்றன. "ஐ'ம் அஃப்ரெய்ட் வீ ஆர் நாட் டேக்கிங் நியூ மெம்பர்ஸ் அட் த மொமென்ட்." இங்கே "அஃப்ரெய்ட்" பயம் இல்லை, வருத்தம். "அட் த மொமென்ட்" நம்முடைய "இப்போதைக்கு"தான். முக்கியமாக, வாக்கியம் "யூ" என்று அவரைச் சுட்டாமல் "வீ" என்று நம் நிலையைச் சொல்கிறது. அதற்கு முன்னால் "தேங்க்ஸ் ஸோ மச் ஃபார் யுவர் இன்ட்ரஸ்ட்" என்று ஒரு வரி.

"பார்க்கலாம்" என்பதை "வீ வில் ஸீ" என்று மட்டும் எழுதாதீர்கள். நம் ஊரில் அது பல சமயம் நாசூக்கான மறுப்பு. இங்கிலீஷில் படிப்பவருக்கு இன்னும் முடிவாகவில்லை என்று படலாம், காத்திருப்பார். உண்மையிலேயே பிறகு கூப்பிடுவதாக இருந்தால் "ஷல் ஐ புட் யூ ஆன் த வெயிட்டிங் லிஸ்ட்?" என்று கேளுங்கள். அப்படித்தான் கேட்டேன். "யெஸ் ப்ளீஸ்" என்று உடனே பதில் வந்தது. நோட்டில் முதல் பெயர் அவருடையது.