பால் பத்தலையாம்!

சாயங்காலம் ஆறு மணி ஆனா போதும், எங்க வீட்டுக் குட்டி எஜமானி மாரை விட மாட்டா. குடிப்பா, கண்ணு சொக்கும், தொட்டில்ல போட்டதும் வீல்னு கத்துவா. மறுபடி மடி. ராத்திரி பதினொரு மணி வரைக்கும் இதே கதைதான்.

பார்க்க வர்றவங்க எல்லாருக்கும் ஒரே தீர்ப்பு: "பால் பத்தலைம்மா, பவுடர் பால் கரைச்சுக் குடு." அத்தை பால் சுறா புட்டும் பூண்டுக் குழம்புமா செஞ்சு தள்ளுறாங்க. (புட்டுக்கு நான் அடிமை, அது வேற விஷயம்.)

பிறந்த குழந்தை 24 மணி நேரத்துல 8 முதல் 12 தடவை குடிக்கிறது சாதாரணம்னு டாக்டர் சொன்னாங்க. சில பிள்ளைங்க சாயங்காலத்துல நெருக்கி நெருக்கிக் கேட்கும். உறிஞ்ச உறிஞ்சத்தான் சுரக்கும். நடுவுல பவுடர் பாலைக் கொடுத்துப் பசியை அடக்கினா சுரப்பும் குறையும். பால் போதுதான்னு தெரிஞ்சுக்க அழுகையைப் பார்க்காதீங்க, ஈரத்துணியை எண்ணுங்க. முதல் வாரத்துக்கு அப்புறம் ஒரு நாளைக்கு 6 தடவையாவது ஒண்ணுக்குப் போய், எடையும் ஏறினா கவலையே வேண்டாம். ஒண்ணுக்குப் போறது குறைஞ்சாலோ, எழுப்பினாலும் குடிக்காமத் துவண்டு கிடந்தாலோ உடனே ஆஸ்பத்திரி.

அதனால இப்போ ஆறு மணிக்கு முன்னாடியே சாப்பிட்டுட்டு, ஒரு செம்புத் தண்ணி, போன் சார்ஜர், முதுகுக்குத் தலையணை சகிதம் உட்கார்ந்துடுறேன். ஏப்பம் எடுக்கிறது, துணி மாத்துறது, தோள்ல போட்டு நடக்கிறது எல்லாம் வீட்டுக்காரர் டிபார்ட்மென்ட்.

பாப்பாவைப் பார்க்க வர்றவங்க காலையிலேயே வந்துடுங்க ப்ளீஸ். வந்தா, பவுடர் பால் யோசனைக்குப் பதிலா கொடியில காயுற துணியை மடிச்சு வெச்சுட்டுப் போங்க.