நீலக் கரண்டி

2023 மார்ச் 9, வியாழன்

கரண்டியைப் பெட்டியில், புடவைக்கு அடியில் வைத்துவிட்டேன். இன்றைக்கு இவ்வளவுதான்.

மார்ச் 10, வெள்ளி

இஸ்ரேலில் நான் பார்த்துக்கொள்ளும் அம்மச்சி வீட்டு மேசையில் ஏழு தட்டு. கோழிக்கறி, சோறு, சுட்டுள்ளி மீன், பீட்ரூட், வெள்ளரி தக்காளி நறுக்கியது. மீன் முதலில், தனித் தட்டில். அந்தத் தட்டை எடுத்துவிட்டுத்தான் கோழிக்கு வேறு தட்டு. எல்லாம் பிளாட்டா என்ற சூட்டுத் தட்டில் சூடாக இருக்கிறது. சபாத் என்ற ஓய்வுநாளுக்கு விளக்கு ஏற்றிவிட்டால் நாளை இருட்டும் வரை அடுப்பு கிடையாது.

யூத வீட்டில் இறைச்சியோடு பால் சேரக் கூடாது. விருந்தாளிகளில் ஒருவர் அதில் ரொம்பக் கண்டிப்பானவராம். கறி வெள்ளையாக இருப்பதைப் பார்த்து மாட்டுப் பால் என்று நினைத்துவிடக் கூடாதே என்று, அரை மூடித் தேங்காயைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார் அம்மச்சி. பாதாம் பாலுக்கு இப்படிப் பக்கத்தில் பாதாமை வைக்கச் சொல்லிப் பழைய சட்டத்திலேயே இருக்கிறதாம். தேங்காய் இவருடைய சேர்மானம். கேரளத்துப் பறவூரில் அவருடைய அம்மா தேங்காய்ப் பாலை நம்பித்தான் கோழி சமைத்தாராம். அது பாலும் இல்லை, இறைச்சியும் இல்லை. பார்வே.

எல்லோரும் சாப்பிட்டார்கள். அந்தக் கண்டிப்பானவர் இரண்டு தடவை கேட்டு வாங்கினார். நான் பின்கட்டுக்குப் போய் நின்றுகொண்டேன்.

மார்ச் 12, ஞாயிறு

ஊரிலிருந்து தங்கச்சி கேட்கிறாள்: “நீ சமைக்கிறாய் என்கிறாய், அப்புறம் கிழவி எதுக்கு அடுப்படிக்கு வரணும்?”

போனில் எப்படிச் சொல்ல? அரைப்பது, நறுக்குவது, தாளிப்பது எல்லாம் என் வேலை. ஆனால் தீ அவருடையது. யூதர் அல்லாதவர் தனியாகச் சமைத்தால் அந்தச் சாப்பாடு ஆகாது. அதனால் நடைச்சட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, ஒரு கையால் மேடையைப் பிடித்துக்கொண்டு, அடுப்பைப் பற்றவைத்து, பானையையும் அவரே தூக்கி வைப்பார். தண்ணீரோடு நாலு கிலோ இருக்கும். கை நடுங்கும். நான் அடியில் கை கொடுத்தால், “விடு மோளே.” விட்டுவிடுவேன், ஆனால் கையை எடுக்க மாட்டேன். பானைக்கும் என் கைக்கும் நடுவில் ஒரு விரல் இடம்.

பச்சையாகத் தின்னக் கூடியதற்கு இந்தச் சட்டம் இல்லை. தேங்காய்ப் பால் நானே எடுக்கலாம்.

மார்ச் 14, செவ்வாய்

எட்டு முட்டை, ஒவ்வொன்றாகக் கண்ணாடித் தம்ளரில் உடைத்துப் பார்த்தேன். ஆறாவதில் ரத்தப் புள்ளி. கொட்டிவிட்டேன்.

தவறிக் கலந்தது அறுபதில் ஒரு பங்குக்குக் குறைவாக இருந்தால் தோஷம் இல்லை என்று அம்மச்சியின் மருமகள் எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. இரவு கதவைச் சாத்திக்கொண்டு, தம்ளர் நிறையத் தண்ணீர் வைத்து, கரண்டியை அது கறியில் முங்கிய அளவுக்கு முக்கினேன். வழிந்ததை மருந்து மூடியில் பிடித்தேன். 12 மில்லி. அறுபதால் பெருக்கினால் 720. கறி மூன்று லிட்டராவது இருக்கும். கணக்கு சரியாகத்தான் வருகிறது. தூக்கம்தான் வரவில்லை.

என் மகள் அன்று போனில் அழுதிருக்காவிட்டால் நான் இழுப்பறையைப் பார்த்துத்தான் எடுத்திருப்பேன். வலது பக்கம் சிவப்பு, இறைச்சிக்கு. இடது பக்கம் நீலம், பாலுக்கு. மூன்று வருஷமாகத் தப்பாத கை.

மார்ச் 16, வியாழன்

அம்மச்சி கரண்டி எண்ணினார். “நீலம் பதினொண்ணு.” அவ்வளவுதான் சொன்னார். பெசாஹ் என்ற பாஸ்கா பண்டிகைக்குப் பாத்திரம் மாற்ற வேண்டும், அதற்காக எண்ணுகிறாராம்.

மார்ச் 17, வெள்ளி

என்னமோ தெரியவில்லை, இன்று ஒரே சந்தோஷம். மீன்காரரிடம் செதிள் உள்ள மீன்தானா என்று எபிரேயத்தில் கேட்டு, அவர் சொன்ன பதில் முழுவதும் புரிந்தது. செதிளும் துடுப்பும் வேண்டும். இறால், நண்டு, கணவாய், சுறா எதுவும் ஆகாது. குளச்சல் கடற்கரையில் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தால் என் பெரியப்பா கட்டுமரத்தை விற்றிருப்பார். சாளைக்கு மட்டும் அனுமதி உண்டு, புண்ணியம்.

மார்ச் 19, ஞாயிறு

அம்மச்சிக்கு இருமல். காய்ச்சல் 38.4.

மார்ச் 21, செவ்வாய்

விடியற்காலை மூன்றரைக்கு ஆம்புலன்ஸ். பீர்ஷெபாவில் சேர்த்திருக்கிறது. நுரையீரலில் சளி கட்டியிருக்கிறதாம். ஸ்ட்ரெச்சரில் போகும்போது, “பயறு ஊற வச்சிருக்கே, அதை வீணாக்காதே,” என்கிறார்.

மார்ச் 22, புதன்

ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் உப்பில்லை, கஞ்சி கொண்டு வா என்கிறார். சரி, தீ யார் வைப்பது?

பேத்தி ராணுவ உடுப்போடு வந்தாள். அடுப்புத் திருகைத் திருப்பிவிட்டு, “இவ்வளவுதானா?” என்று சிரித்தாள். அவள் அம்மா வீட்டு வழக்கத்துக்கு அவ்வளவே போதும், அவர்கள் ஐரோப்பாக்காரர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்த அம்மச்சி மூச்சு வாங்கக் கத்தினார்: “திருகினாப் போதாது, பானையை அவளே வைக்கட்டும்!” பானை ஏற்கெனவே அடுப்பில். இறக்கி, அணைத்து, மறுபடி பற்றவைத்து, மறுபடி ஏற்றி. பேத்தி விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தாள்.

மார்ச் 23, வியாழன்

எனக்குத் தவக்காலம். ஈஸ்டர் வரை இறைச்சி தொடுவதில்லை. சமைக்கிறேன், நாக்கில் வைப்பதில்லை. இதுவரை உப்பு பார்த்தது அம்மச்சி. உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, நக்கி, கண்ணை மூடுவார். இன்று கோழி சூப்பில் உப்பு சரியா என்று சொல்ல வீட்டில் ஆளே இல்லை. முகர்ந்து பார்த்தேன். உப்புக்கு என்ன வாசனை.

மார்ச் 24, வெள்ளி

கரண்டியால்தான் வந்தது என்று நினைக்கிறேன். முட்டாள்தனம் என்று தெரியும். ஆனாலும் நினைக்கிறேன்.

மார்ச் 27, திங்கள்

நாடு முழுக்க வேலை நிறுத்தம். விமான நிலையத்திலிருந்து விமானம் கிளம்பவில்லையாம். பெசாஹில் புளித்த ரொட்டியோ புளிக்கக் கூடிய மணியோ வீட்டில் ஆகாது. அதனால் எனக்கு அரிசி பொறுக்கும் வேலை, அது நிற்கவில்லை. வெள்ளைத் துணியில் பரப்பி, பிடி பிடியாக, ஒரு கோதுமை மணி கூட இல்லாமல். மூன்று தடவை பார்க்க வேண்டும். இன்று முதல் தடவை, ஐந்து கிலோ. கண் எரிகிறது.

மார்ச் 30, வியாழன்

சொல்லிவிட்டேன்.

மூக்கில் ஆக்சிஜன் குழாய். கண்ணைத் திறக்காமலே கேட்டார்: “அதை வச்சுக் கடைசியாப் பால் எப்ப காய்ச்சினே?”

செவ்வாய் ராத்திரி ஒன்பது மணி.

“கறி?”

வியாழன் காலை பத்தரை.

போர்வைக்கு மேலே விரல் மடக்கி எண்ணினார். இருபத்துநாலு மணி தாண்டிவிட்டது. கறிக்குத் தோஷமில்லை, சட்டிக்கும் இல்லை, கரண்டிக்குத்தான். கொதிக்கிற தண்ணீரில் முழுக்க முக்கி, பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். “பதினொண்ணு எண்ணினப்பவே தெரியும். நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன்.” அப்புறம் ஒரு கண்ணைத் திறந்து, “பெட்டியில வச்சியே, கழுவித்தானே வச்சே?”

பஸ்ஸில் வரும்போது கோபமாக வந்தது. மூன்று வாரம்! 12 மில்லி, 720 என்று நான் அல்லாடிக்கொண்டிருக்க, இவருக்குத் தெரியுமாம்.

ஏப்ரல் 2, ஞாயிறு

மருமகளோடு சண்டை மாதிரி ஒன்று. பெசாஹில் அவருக்கு அரிசி ஆகாது, பருப்பும் பயறும் ஆகாது. அம்மச்சி வீட்டிலோ சோறில்லாமல் பெசாஹே இல்லை. பதினாலு பேருக்கு அழைப்பு போயிருக்கிறது, அதில் பாதி மருமகளின் சொந்தம். அவர்களுக்கு உருளைக்கிழங்கு, தனிச் சட்டி, தனிக் கரண்டி. “ஒரு வருஷம் சோற்றை விட்டால் என்ன?” என்றார். நான் மூன்றாவது தடவை அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தேன். பதில் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

மிளகும் மல்லியும் முழுசாக வாங்கி, பொறுக்கி, வீட்டிலேயே பொடித்தாயிற்று. பேரீச்சம்பழம் வேகவைத்துப் பிழிந்த பாகு இரண்டு போத்தல். பரணிலிருந்து பெசாஹ் பாத்திரம் இறங்கியது. அதில் நீலமும் இல்லை சிவப்பும் இல்லை, எல்லாம் பழைய வெள்ளோட்டுப் பளபளப்பு.

ஏப்ரல் 4, செவ்வாய்

ராத்திரி மெழுகுவர்த்தியும் இறகும் வைத்துக்கொண்டு அம்மச்சியின் மகன் பெசாஹ் வழக்கப்படி ரொட்டித் துண்டு தேடினார். பத்து ஒளித்து வைத்தது நான்தான். ஒன்பதுதான் கிடைத்தது. பத்தாவதை எங்கே வைத்தேன்? பதினொரு மணி வரை எல்லோரும் தரையில் தவழ்ந்தோம். என் ஜெபமாலைப் பெட்டிக்குப் பின்னால் இருந்தது.

ஏப்ரல் 5, புதன்

காலையில் ரொட்டியை எரித்தாயிற்று. அம்மச்சிக்கு இன்று வீடு. டாக்டர் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறார்களாம், பன்னிரண்டு மணியிலிருந்து.

2.20. கோழியில் மஞ்சளும் உப்பும் தடவியாயிற்று. முதல் பால், இரண்டாம் பால் தனித்தனியாகக் குளிர்பெட்டியில். அரை மூடித் தேங்காய் மேசைக்குப் போய்விட்டது.

3.05. மருமகள் அடுப்புத் திருகில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். நேரமாகிறது, நான் பற்றவைக்கிறேன் என்கிறார். நியாயம்தான். பானையையும் நானே வைக்கிறேன் என்கிறார், அதுவும் நியாயம்தான். கொஞ்சம் பொறுங்கள் என்றேன். என் வாயிலிருந்தா வந்தது என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

3.40. உப்பு பார்க்க வேண்டாமா?

3.50. வாசலில் வண்டிச் சத்தம். பக்கத்து வீட்டுக்கு.