கோ-சாகா எழுதாமல் விட்ட வரி

ஜப்பானில் 1336 முதல் 1392 வரை ஒரே காலத்தில் இரண்டு அரசவைகள் இருந்தன. ஒன்று கியோட்டோவில், மற்றொன்று தெற்கே யோஷினோ மலைப்பகுதியில். இந்தப் பிளவைப் படிக்கிற பலரும் யோஷினோ அரசவையை அமைத்த பேரரசர் கோ-தாய்கோவிடம் தொடங்குகிறார்கள். ஆனால் வேர் அவருடைய கொள்ளுத்தாத்தா கோ-சாகாவின் வீட்டில் இருக்கிறது.

முதலில் பெயரைத் தெளிவாக்கிக்கொள்வோம். ‘கோ’ என்றால் ‘பிந்தைய’ என்று பொருள். 9ஆம் நூற்றாண்டில் ஆண்ட சாகாவின் பெயரைப் பின்னாளில் இவருக்குச் சூட்டினார்கள். உயிரோடு இருந்தபோது யாரும் இவரைக் கோ-சாகா என்று அழைத்ததில்லை. இயற்பெயர் கூனிஹிதோ, பிறந்தது 1220. வயதிலும் கவனம் தேவை. அக்காலக் குறிப்புகளில் பிறந்தவுடனேயே ஒரு வயது. ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒன்று கூடும். ‘நான்கு வயதில் முடிசூடினார்’ என்று வந்தால் குழந்தைக்கு மூன்றுகூட நிறையாமல் இருந்திருக்கலாம்.

கூனிஹிதோவுக்கு ஒரு வயதானபோது, 1221இல், தாத்தா கோ-தோபா, காமகுரா நகரிலிருந்து ஆண்ட ஷோகன் எனும் படைத்தலைவரின் அரசை எதிர்த்துப் போரிட்டுத் தோற்றார். அவரை ஒகி தீவுக்கும், போரில் முனைந்து நின்ற மகன் ஜுந்தோகுவைச் சாதோ தீவுக்கும் நாடுகடத்தினார்கள். கூனிஹிதோவின் தந்தை சுச்சிமிகாடோ போரில் சேராதவர். ஆனாலும் தந்தை தண்டனை அனுபவிக்கும்போது தான் தலைநகரில் இருப்பதா என்று தாமாகவே தோசா மாகாணத்துக்குப் போனார். பிறகு ஆவாவுக்கு மாறி, 1231இல் அங்கேயே இறந்தார். மகன் தாய்வழி உறவினர் ஆதரவில் வளர்ந்தான். இருபது தாண்டியும் அவனுக்கு ஆண்மகனாகும் சடங்குகூட நடக்கவில்லை.

1242இல் சிறுவயதுப் பேரரசர் ஷிஜோ வாரிசின்றி இறந்தார். கியோட்டோ பிரபுக்கள் ஜுந்தோகுவின் மகனை அமர்த்த விரும்பினார்கள். ஷோகன் பெயரில் காமகுரா அரசை நடத்திய ஹோஜோ யாசுதோகி மறுத்தார். போரிட்டவரின் பிள்ளையைவிட ஒதுங்கி நின்றவரின் பிள்ளையே அவருக்குப் பாதுகாப்பாகத் தெரிந்தது. இந்த இழுபறியில் அரியணை பதினொரு நாள் காலியாகக் கிடந்தது. கடைசியில் கூனிஹிதோ அமர்ந்தார். தன்னைத் தேர்ந்தெடுத்தது காமகுரா என்பதை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

ஆண்டது நான்கே ஆண்டு. 1246இல் மகன் கோ-ஃபுகாகுசாவிடம் அரியணையைக் கொடுத்துவிட்டு, ‘இன்’ எனப்படும் ஓய்வுபெற்ற பேரரசராக 1272 வரை அதிகாரத்தைக் கையில் வைத்திருந்தார். வேறொரு மனைவியின் மகன் முனெதாக்காவை 1252இல் காமகுராவுக்கு ஷோகனாக அனுப்பினார். அரச குலத்திலிருந்து ஷோகனான முதல் இளவரசர் அவர்தான். 1266இல் காமகுரா அவரைப் பதவியிறக்கித் திருப்பி அனுப்பி, அவருடைய இரண்டு வயது மகனை அமர்த்தியது.

சிக்கல் பட்டத்தரசி சாயோன்ஜி கிஷ்ஷி பெற்ற இரண்டு பிள்ளைகளிடம் வந்தது. மூத்தவர் கோ-ஃபுகாகுசா, 1243இல் பிறந்தவர். இளையவர் கமெயாமா, 1249. பெற்றோரின் பாசம் இளையவர் பக்கம் சாய்ந்தது. 1259இல் பதினாறு வயது மூத்தவரை விலகச் செய்து, தம்பியை ஏற்றினார் கோ-சாகா. அதோடு விட்டிருந்தால்கூட சமாளித்திருக்கலாம். தம்பிக்கு அடுத்து அண்ணனின் பிள்ளை என்பது நடக்கக்கூடிய ஏற்பாடுதான். ஆனால் 1268இல், அண்ணனுக்கு மூன்று வயது மகன் இருக்கும்போதே, பிறந்து ஓராண்டுகூட ஆகாத கமெயாமாவின் மகனைப் பட்டத்து இளவரசன் ஆக்கினார்.

இதன் கனம் புரிய ‘இன்’ ஆட்சியின் விதி தெரிய வேண்டும். ஓய்வுபெற்ற எல்லாப் பேரரசர்களும் ஆள முடியாது. அரியணையில் இருப்பவரின் தந்தையோ தாத்தாவோதான் ஆள முடியும். அண்ணனாகவோ பெரியப்பாவாகவோ இருப்பவருக்கு மரியாதை உண்டு, அதிகாரம் இல்லை. தம்பி மகன் அரியணை ஏறினால் கோ-ஃபுகாகுசாவுக்கு மட்டுமல்ல, அவர் வம்சத்துக்கே கதவு அடைபடும்.

1272இல் கோ-சாகா இறந்தார். நிலங்களைப் பிரித்து எழுதியவர், அடுத்து ஆளப்போவது யார் என்பதை மட்டும் எழுதவில்லை. அதைக் காமகுராவின் முடிவுக்கு விட்டார். காமகுரா, மறைந்தவரின் மனத்தில் இருந்தது யார் என்று கிஷ்ஷியிடம் கேட்டது. கமெயாமா என்றார் அந்தத் தாய். 1274இல் கமெயாமாவின் மகன் கோ-உதா அரியணை ஏறினார். மனமுடைந்த கோ-ஃபுகாகுசா துறவு பூணத் துணிந்தார். அப்போது காமகுரா அரசை நடத்திய ஹோஜோ தோகிமுனே தலையிட்டு, 1275இல் அவர் மகன் ஃபுஷிமியை அடுத்த வாரிசாக்கினார். மூத்தவருக்கு அது நியாயம்தான். ஆனால் அதிலிருந்து இரண்டு கிளைக்கும் உரிமை உண்டு என்றாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் இரு தரப்புத் தூதர்களும் காமகுராவுக்கு ஓடினார்கள்.

சொத்தும் பிளவை இறுக்கியது. மூத்த கிளையான ஜிம்யோஇன் கையில் சோகோதோ நிலங்கள், நூற்றுக்கும் மேற்பட்ட பண்ணைகள். இளைய கிளையான தாய்காகுஜிக்கு 1283 வாக்கில் ஹாச்சிஜோஇன் நிலங்கள், 200க்கும் மேல். தனி வருமானம் இருந்ததால் எந்தக் கிளையும் பணிய வேண்டிய கட்டாயம் வரவில்லை. பாசத்தைவிட இதுவே பெரிய காரணம் என்பது என் கணிப்பு. பின்னாளில் மூத்த கிளை கியோட்டோ அரசவையாகவும், கோ-தாய்கோவின் இளைய கிளை யோஷினோ அரசவையாகவும் எதிரெதிரே நின்றன.

வம்சாவளி வரைகிறவர்கள் தந்தை-மகன் கோட்டோடு நிற்காமல், ஒவ்வொரு பெயருக்கும் அரியணையில் இருந்த ஆண்டுகளையும் ‘இன்’னாக ஆண்ட ஆண்டுகளையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் குறித்தால், 1246க்குப் பிறகு மூன்று வயது நிறையாத பிள்ளை ஆண்டதாகத் தோன்றும்.

கோ-சாகா கட்டிய கமெயாமா மாளிகை இருந்த இடத்தில் இன்று கியோட்டோவின் தென்ரியூஜி கோயில் இருக்கிறது. அங்கே அவருடைய சமாதியும் கமெயாமாவின் சமாதியும் அருகருகே. மூத்த மகன் நகரின் இன்னொரு பக்கம், ஃபுகாகுசாவில், தன் வம்சத்தாரோடு இருக்கிறார்.