ஓம், அதோட...

மகளுக்கு ஏழு வயசு, வீட்டில வாய் ஓயாது, வெளியில ஆரும் பேர் கேட்டால் மட்டும் என்ர பின்னால ஒளிச்சிடுவா, அதுக்குத்தான் சனிக்கிழமையள்ல யாழ்ப்பாணத்தில நல்லூர்ப் பக்கம் ஒரு நாடக வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போறன்.

நான் நினைச்சது வசனத்தைப் பாடமாக்கி ஒப்புவிக்கிறதெண்டு. எங்கட காலத்தில தமிழ்த்தினப் போட்டிக்கு அப்பிடித்தானே, ஒரு சொல்லு மறந்தாலும் திரைக்குப் பின்னால நிண்டு டீச்சர் முழிசுவா. இங்க ஸ்கிரிப்டே இல்லை! ஒராள் கதை சொல்ல, மற்றாள் 'இல்லை' எண்டு வெட்டாமல் 'ஓம், அதோட' எண்டு நீட்டோணும். ஒரு பெடியன் "எங்கட கிணத்துக்க முதலை" எண்டான், இவ உடன "ஓம், அதோட அது பல்லு விளக்க மட்டும் மேல வரும்" எண்டா, நான் வாயைப் பிளந்துகொண்டு நிண்டன்.

சிக்காகோவில வயோலா ஸ்போலின் எண்டவா குடியேறி வந்த சனத்தின்ர பிள்ளையளோட வேலை செய்து இப்பிடியான விளையாட்டுகளை உருவாக்கினவா. எங்கட ஊரும் லேசில்லை, குழந்தை ம. சண்முகலிங்கம் மாஸ்டர் 1978ல நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினவர், சிறுவர் நாடகங்களும் எழுதினவர்.

மாமிக்குத்தான் கவலை, அந்த நேரம் அஞ்சாம் வகுப்பு ஸ்கொலர்ஷிப் சோதினைக்கு ரியூசன் விடலாமாம். ரெண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு!

போன கிழமை ஐஸ்கிரீம் கடையில ஒரு அண்ணை பேர் கேட்டார். சத்தமாச் சொன்னா. பொய்ப் பேர்.