ஐந்தடி காடாத் துணியும் ஊஞ்சல் கொக்கியும்

எங்கள் வீட்டுப் பெரியவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தனியாக எடுத்த நல்ல படம் ஒன்றுகூட இல்லை. இருப்பதெல்லாம் கல்யாண ஆல்பத்தில் பத்துப் பேருக்கு நடுவே நிற்பவை, இல்லையென்றால் ஏதாவது அட்டைக்காக அவசரத்தில் எடுத்தவை. ஆள் போன பிறகு குரூப் போட்டோவிலிருந்து முகத்தை மட்டும் வெட்டி, பின்னால் நீலமாக எதையாவது ஒட்டித் தருகிற படம்தான் கடைசியில் சுவரில் ஏறுகிறது. வைகாசி முதல் தேதி, அம்மனின் சிரசு ஊர்வலமாக வரும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குச் சொந்தபந்தம் மொத்தமும் குடியாத்தத்தில் பெரியப்பா வீட்டில் கூடும். அப்போது ஒவ்வொருவரையும் உட்காரவைத்து எடுத்துவிடலாம் என்று காட்பாடியிலிருந்தே திட்டம் போட்டேன். கேமரா இருக்கிறது, ஒரு 50 எம்எம் லென்ஸ் இருக்கிறது. பின்னால் தொங்கவிட ஒரு திரை வேண்டும்.

ஸ்டாண்டோடு சேர்த்து விற்கும் திரைகள் கிடைக்கின்றன. மலிவானவை பெரும்பாலும் கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை மாதிரியான நெய்யாத துணி. மடிப்பு விழுந்தால் போகாது, இஸ்திரிப் பெட்டி சூடாகப் பட்டால் உருகிவிடும். நல்லதாக வாங்கப் போனால் விலை லென்ஸ் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. அதனால் முதலில் வீட்டில் கிடப்பதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டுப் பார்த்தேன்.

பெட்ஷீட் மெல்லியது. பின்னால் ஜன்னல் இருந்தால் கம்பியெல்லாம் தெரியும். பட்டுப்புடவை நேரில் பிரமாதமாக இருக்கும், படத்தில் ஜரிகை மின்னி, உட்கார்ந்திருப்பவரின் புடவையோடு சண்டை போடும். குடியாத்தத்தில் கைலிக்குப் பஞ்சமா? ஆனால் கட்டம் போட்ட துணி பின்னால் இருந்தால் பார்க்கிறவர் கண் முகத்துக்கு வராது. கறுப்பு வெல்வெட் வெளிச்சத்தை அப்படியே குடித்துவிடும், அது நல்ல விஷயம்தான். ஆனால் ஒரு நூல், ஒரு முடி ஒட்டினாலும் படத்தில் வெள்ளையாகப் பளிச்சிடும். தலைமுடிக்கும் திரைக்கும் எல்லையே தெரியாது. பழைய ஃப்ளெக்ஸ் பேனரின் பின்பக்கம் ஆசை காட்டும். வெயில் கொஞ்சம் பட்டாலும் பளபளக்கும். அதற்கு வேறு வேலை இருந்தது, சொல்கிறேன்.

கடைசியில் காடாத் துணி. வெளுக்காத, சாயம் போடாத பருத்தி. அகலம் ஐந்தடிக்குக் கொஞ்சம் கூடுதலாக உள்ள கட்டிலிருந்து எட்டடி நீளம் கிழித்துத் தரச் சொன்னேன். இரண்டு துண்டைச் சேர்த்துத் தைத்தால் நடுவில் தையல் கோடு தலைக்குப் பின்னால் வந்து நிற்கும். ஒரே அகலமாகக் கிடைப்பதை வாங்குவதுதான் நல்லது. ஐந்தடி போதுமா என்று யோசிப்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. ஆளிடமிருந்து ஆறடி தள்ளி நின்று, முகமும் தோளுமாக இரண்டடி அகலம் எடுக்கிறோம். ஆளுக்குப் பின்னால் இன்னும் ஆறடியில் திரை இருந்தால், திரையில் நான்கடி அகலம்தான் படத்துக்குள் வரும். லென்ஸை மாற்றிப் பன்னிரண்டடி தள்ளி நின்று அதே இரண்டடியை எடுத்தால் மூன்றடியே போதும். செல்போனில் எடுப்பவர்களும் கிட்டே போகாமல், தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூமில் எடுக்க வேண்டும். கிட்டே போனால் திரைக்கு வெளியே சுவர் தெரியும், மூக்கும் பெரிதாகும்.

தையல்காரரிடம் மேலும் கீழும், பாவாடைக்கு நாடா கோர்க்க மடிப்பது போல, குழாய் நுழையும் அளவுக்கு மடித்துத் தைக்கச் சொன்னேன். பிறகு ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து அலசினேன். கஞ்சி போகாத துணியில் பெயின்ட் ஒரு இடத்தில் இறங்கும், ஒரு இடத்தில் மேலேயே நிற்கும். அலசினால் கொஞ்சம் சுருங்கும் என்பதால் நீளத்தைத் தாராளமாக வாங்கிக்கொள்வது நல்லது.

பெயின்ட் வேலைதான் இதில் ருசியான பகுதி. தண்ணீரில் கரைக்கும் சுவர் பெயின்டான வெள்ளை எமல்ஷன் ஒரு லிட்டர், அதில் நிறம் கலக்கக் கறுப்பு ஸ்டெய்னர் ஒன்று, பிரவுன் ஸ்டெய்னர் ஒன்று. வெள்ளையில் கறுப்பை மட்டும் கலந்தால் வரும் சாம்பல் நிறம் லேசாக நீலம் அடிக்கும். நம் மாநிறத்துக்குப் பின்னால் அது முகத்தைச் சோகையாகக் காட்டுகிறது. பிரவுன் சில சொட்டு விட்டால் ஆற்று மணல் காய்ந்த மாதிரி ஒரு நிறம் வரும். எனக்கு அதுதான் பிடித்தது. மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் சேர்க்க வேண்டும். கெட்டியாக அடித்தால் சுருட்டும்போது பெயின்ட் வெடித்துக் கோடு கோடாகத் தெரியும்.

மே மாத வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நாற்பது டிகிரியைத் தாண்டும் நாளில் மொட்டை மாடியில் விரித்தால், ரோலர் அடுத்த கோட்டுக்குப் போவதற்குள் முந்தைய கோடு காய்ந்துவிடும். ஈரத்தோடு ஈரம் கலந்தால்தான் நிறம் ஒன்றோடொன்று கரையும். அதனால் விடிவதற்கு முன்பே ஆரம்பித்தேன். கீழே ஃப்ளெக்ஸ் பேனர், தலைவர் முகம் தரையைப் பார்க்க. அதன் மேல் துணி, நான்கு ஓரத்திலும் செங்கல். காடாவைத் தாண்டிப் பெயின்ட் கீழே இறங்கும் என்பதால் இந்த விரிப்பு இல்லாவிட்டால் மாடித் தரையும் சேர்ந்தே பெயின்ட் ஆகிவிடும். அடிப்பூச்சு முழுக்க ரோலரில். அது ஈரமாக இருக்கும்போதே, பழைய பனியனைப் பந்தாகச் சுருட்டி, வெளிர் நிறத்தில் தோய்த்து நடுவில் ஒற்றினேன். ஓரங்களுக்குக் கொஞ்சம் கருமை. தேய்க்கக் கூடாது, ஒற்ற வேண்டும், ஒவ்வொரு முறையும் கையைத் திருப்ப வேண்டும். இல்லையென்றால் ஒரே அச்சு திரும்பத் திரும்ப விழுந்து புடவை டிசைன் மாதிரி ஆகிவிடும். கிட்டே பார்த்தால் கறை பிடித்த துணிதான். பத்தடி தள்ளிப் பார்த்தால் மேகம் போட்ட மாதிரி இருக்கும்.

மாட்டுவதற்கு ஸ்டாண்ட் செய்யவில்லை. பெரியப்பா வீடு முற்றம் வைத்த பழைய வீடு, கூடத்தில் ஊஞ்சல் உண்டு. ஊஞ்சலைக் கழற்றிவிட்டு அந்தக் கொக்கியிலேயே கயிறு கட்டி, ஒரு இஞ்ச் பிவிசி குழாயை மாட்டினேன். முக்கால் இஞ்ச் குழாய் நடுவில் தொய்யும், தொய்ந்தால் துணியில் அலை விழும். கீழ் மடிப்பிலும் ஒரு குழாய், உள்ளே மணல் நிரப்பி இரண்டு பக்கமும் மூடி போட்டது. அந்தக் கனம் துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டது, இஸ்திரிக்கே வேலை வரவில்லை. பெரியம்மாவுக்குத்தான் கோபம். "மத்தியானம் நான் எங்கேடா படுப்பேன்? பன்னெண்டு மணிக்கு ஊஞ்சல் இருந்த இடத்துல இருக்கணும்" என்று கெடு வைத்துவிட்டார். காலை வெளிச்சம்தான் எனக்கும் வேண்டியிருந்தது.

காலை எட்டரைக்கு மேல் முற்றத்துக்குள் இறங்கும் வெயில் மேற்குச் சுவரில் விழும். அந்தச் சுவர் வாங்கித் தருகிற வெளிச்சம், நேர் வெயில் இல்லாமல், கூடத்துக்குள் மெத்தென்று வரும். நாற்காலியை முற்றத்தைப் பார்த்து, கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பிப் போட்டேன். கூடத்து டியூப் லைட் எல்லாம் அணைத்தாயிற்று. இரண்டு விதமான வெளிச்சம் கலந்தால் ஒரு கன்னம் மஞ்சள், ஒரு கன்னம் நீலம்.

திரை கொக்கியில் நிலையாகத் தொங்குவதால் நகர்வது நாற்காலி மட்டும்தான். இதில்தான் விஷயமே இருக்கிறது. திரைக்கு இரண்டடி முன்னால் ஆளை உட்காரவைத்தால் அது வெளிர் சாம்பலாகத் தெரியும், முதுகு நிழலும் துணியின் நெசவும் சேர்ந்து விழும். ஆறேழு அடி முன்னால், முற்றத்து ஓரத்துக்கு இழுத்தால், அதே துணி சிலேட்டுப் பலகை நிறத்துக்குப் போய்விடும், நெசவும் தெரியாது. காரணம், கேமராவை முகத்து வெளிச்சத்துக்கு வைக்கிறோம், திரைக்கு அந்த வெளிச்சம் போய்ச் சேர்வதில்லை. சின்ன விளக்கு என்றால் தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகிவிடும். முற்றம் போல அகலமான வெளிச்சத்தில் அவ்வளவு சட்டென்று குறையாது, ஆனாலும் குறையும். நரைத்த தலைக்கு நாற்காலியை முன்னால் இழுத்தேன், கரும்பச்சைப் புடவைக்குப் பின்னால் தள்ளினேன். நான்கு நிறத்தில் நான்கு திரை வாங்குவதற்குப் பதில் நான்கடி இடம் இருந்தால் போதும் என்பது என் கட்சி.

கூடத்துச் சுவர் பச்சை. நிழல் பக்கத்துக் கன்னத்தில் அந்தப் பச்சை ஏறியது. வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்து, அண்ணன் பையனை அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னேன். பச்சையும் போயிற்று, கண்ணுக்குக் கீழே இருந்த கருமையும் தணிந்தது. தெர்மாகோல் அட்டையும் இதே வேலையைச் செய்யும். வெள்ளைச் சட்டை போட்டவர்களுக்குக் கேமரா சட்டையைப் பார்த்து ஏமாந்து முகத்தை இருட்டாக்கும், கேமராவில் தெரியும் முகத்தைத் தொட்டு, அதற்கேற்ப வெளிச்சம் வைக்க வேண்டும். கண்ணாடி போட்டவர்களுக்குக் கண்ணாடிக் காம்பைக் காதுக்கு மேல் கொஞ்சம் தூக்கினால் முற்றம் கண்ணாடியில் தெரியாது.

பெரியப்பா உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "என்னடா, மாலை போடவா எடுக்கிறே?" எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், அந்த நொடியிலேயே எடுத்துவிட்டேன். சிரிங்க என்று சொன்னால் பெரியவர்கள் விறைத்துப்போவார்கள். சின்ன வயசில் சிரசு பார்க்க எங்கே ஏறி நின்றீர்கள் என்று கேட்டால் போதும், முகம் தானாக மலரும்.

தங்கை மகளுக்கு விண்ணப்பத்துக்கு ஒட்ட வெள்ளைப் பின்னணியில் படம் வேண்டியிருந்தது. அதற்கு இந்தத் திரை ஆகாது. வெள்ளை வேட்டியைத் திரை மேலேயே கிளிப் போட்டு மாட்டி, குழாயை முற்றத்து ஓரத்துக்குக் கொண்டுவந்து, முற்றத்து வெளிச்சம் வேட்டியிலும் சமமாக விழும்படி பார்த்துக்கொண்டேன். வெளிச்சம் விழாத வெள்ளை, படத்தில் சாம்பல்தான்.

துணி, பெயின்ட், குழாய், தையல் எல்லாம் சேர்த்து ஆயிரத்து ஐந்நூறுக்குள் முடிந்தது. மடிக்காமல் குழாயோடு சுருட்டி, அதே ஃப்ளெக்ஸில் பொதிந்து பரணில் போட்டிருக்கிறேன். கூடவே அந்துருண்டையும், பூச்சிக்குப் பயந்து. பின்பக்கம் பெயின்ட் கசிந்து திட்டுத்திட்டாக, முன்பக்கத்தைவிட வெளிறி நிற்கிறது. பேரணாம்பட்டு சித்தி வீட்டு வளைகாப்புக்கு அந்தப் பக்கத்தைத் திருப்பி மாட்டப் போகிறேன்.